பரிசுச் சீட்டுப் பணத்தில் எழுந்த கல்கத்தா (1799–1836)

காலேஜ் தெருவில் பழைய புத்தகம் தேடி அலைவோரும், ஹூக்ளி ஆற்றை ஒட்டிய ஸ்ட்ராண்ட் சாலையில் செல்வோரும், உயர் நீதிமன்றத்தின் அருகே நிற்கும் டவுன் ஹாலின் பருத்த தூண்களை ஏறிட்டுப் பார்ப்போரும் அதிகம் அறியாத செய்தி ஒன்று உண்டு. இந்தத் தெருவும் சாலையும் மண்டபமும் பெருமளவுக்கு லாட்டரிப் பணத்தில் உருவானவை. 19ஆம் நூற்றாண்டின் முதல் முப்பத்தைந்து ஆண்டுகளில் கல்கத்தா நகரம் அடைந்த உருவமாற்றத்துக்குப் பொருள் தந்தது நிலவரியோ வீட்டுவரியோ அன்று. குலுக்கல் சீட்டே ஆகும். 'மாளிகைகளின் நகரம்' என்று ஐரோப்பியப் பயணிகள் புகழ்ந்த அந்த நகரத்தின் கணக்குப் புத்தகத்தை இந்தக் கோணத்திலிருந்து புரட்டும்போது, காலனிய ஆட்சியில் 'பொது' என்னும் சொல் யாரைக் குறித்தது என்ற கேள்வி எழாமல் இருப்பதில்லை.

சீட்டும் கட்டடமும் கைகோப்பது கல்கத்தாவில் 19ஆம் நூற்றாண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1784இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1787இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட புனித யோவான் ஆலயத்தின் செலவில் ஒரு பங்கு லாட்டரி மூலம் திரட்டப்பட்டது. ஆலயத்துக்கான நிலத்தை வழங்கியவர் ஷோபாபஜாரின் மகாராஜா நபகிருஷ்ண தேவ். கல் கிடைக்காத வண்டல் மண் பூமி கல்கத்தா. ஆகையால் இடைக்கால வங்காளத்தின் தலைநகராக விளங்கிய கௌர் நகரின் இடிபாடுகளிலிருந்து கற்கள் கொண்டுவரப்பட்டன. வங்காளிகள் அதைப் 'பாத்துரே கிர்ஜா', அதாவது கல் கோயில், என்று அழைத்ததற்குக் காரணம் இதுவே. சுற்றிலும் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாக இருந்த ஊரில் கல்லால் ஆன ஒரு கட்டடம் வியப்புக்குரியதாகத்தான் இருந்திருக்கும். ஓர் இந்து ஜமீன்தாரின் நிலம், ஒரு முஸ்லிம் தலைநகரின் கல், சூதாட்டத்தில் சேர்ந்த காசு ஆகிய மூன்றும் கூடி ஆங்கிலத் திருச்சபைக்கு ஆலயமாயின. அக்காலக் கல்கத்தாவில் இது யாரையும் உறுத்தியதாகத் தெரியவில்லை.

தனியாரும் இம்முறையைக் கையாண்டனர். தெருக்கள், கட்டடங்கள் ஆகியவற்றின் கண்காணிப்பாளராக இருந்த இத்தாலியர் எட்வர்ட் திரெத்தா தமக்குச் சொந்தமான சந்தையை லாட்டரிப் பரிசாகவே வைத்தார். சீட்டு விழுந்தது சார்லஸ் வெஸ்டனுக்கு. ஒரு சந்தை முழுவதும் ஒரே குலுக்கலில் கைமாறிற்று. திரெத்தா பஜார் என்னும் பெயர் மட்டும் இன்றளவும் நிலைத்துவிட்டது.

இத்தகைய நகரத்துக்குத்தான் 1798இல் வெல்லஸ்லி பிரபு கவர்னர் ஜெனரலாக வந்து சேர்ந்தார். மறு ஆண்டில் ஸ்ரீரங்கப்பட்டினம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் மறைந்தபின் கம்பெனி தன்னை வணிக நிறுவனமாகக் காட்டிக்கொள்ள வேண்டிய தேவை இல்லை என்பது வெல்லஸ்லியின் எண்ணம். 1799 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட அரசு மாளிகை 1803இல் முடிந்தது. வங்காளப் பொறியாளர் படையைச் சேர்ந்த கேப்டன் சார்லஸ் வையட் அதற்கு வரைபடம் தந்தார். முன்மாதிரி இங்கிலாந்தின் டெர்பிஷயரில் உள்ள கெடில்ஸ்டன் மாளிகை. கெடில்ஸ்டனில் நான்கு பக்க மாளிகைகள் திட்டமிடப்பட்டு இரண்டே கட்டப்பட்டன. கல்கத்தாவில் நான்கும் எழுந்தன. நடுக்கட்டடத்திலிருந்து வளைந்து செல்லும் தாழ்வாரங்கள் நான்கு திசையிலும் கிளைப்பதால், எந்தத் திசையிலிருந்து காற்று வீசினாலும் உள்ளே புக வழி ஏற்பட்டது. குளிர்நாட்டுத் திட்டம் வங்காளத்தின் புழுக்கத்துக்கே அதிகம் பொருந்தியது என்றுகூடச் சொல்லலாம். நூறாண்டு கழித்து அதே மாளிகையில் வைஸ்ராயாகக் குடியேறிய கர்சன் பிரபு கெடில்ஸ்டனில் பிறந்தவர் என்பது வரலாற்றின் விநோதங்களுள் ஒன்று.

இதே ஆண்டுகளில் சென்னையில் கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு விருந்து மண்டபத்தைக் கட்டுவித்தார். 1802இல் திறக்கப்பட்டு இன்று ராஜாஜி மண்டபமாக நிற்கும் அக்கட்டடமும் ஸ்ரீரங்கப்பட்டின வெற்றியை நினைவூட்ட எழுந்ததே. கிரேக்கத் தூண்களின் மொழியில் அரசதிகாரத்தைப் பேசும் வழக்கம் இரு மாகாணங்களிலும் ஒரே மூச்சில் தொடங்கியதைக் காணலாம்.

அரசு மாளிகைக்கு ஆன செலவு 63,291 பவுண்டு. லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்கள் இதனை மன்னிக்கவில்லை. போர்ச்செலவும் ஆடம்பரமும் சேர்ந்து 1805இல் வெல்லஸ்லி பதவி நீங்கிச் செல்ல நேர்ந்தது. பாரக்பூரில் அவர் தொடங்கிய இன்னொரு மாளிகை பாதியில் நின்றது. ஆனால் அவர் விட்டுச்சென்றவற்றுள் மாளிகையைவிட முக்கியமானது 1803 ஜூன் 16ஆம் நாளிட்ட ஒரு குறிப்பாணை. கல்கத்தாவின் தெருக்கள், வடிகால்கள், சந்தைகள், இறைச்சிக் கூடங்கள், இடுகாடுகள் அனைத்தையும் ஒரே திட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்றும், நிலத்தின் சரிவைக் கணக்கில் கொள்ளாமல் வெட்டப்பட்ட வடிகால்கள் நோயின் ஊற்றுக்கண்ணாக இருக்கின்றன என்றும் அது சுட்டியது. நகரத்தைத் தனித்தனி வீடுகளின் தொகுதியாகப் பாராமல் ஒரே உடலாகப் பார்த்த முதல் அரசு ஆவணங்களுள் ஒன்று இது. நகர மேம்பாட்டுக்காக ஒரு குழுவும் அமைக்கப்பட்டது.

குழு அமைந்தது, பணத்துக்கு எங்கே போவது? 1793ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டத்தின்படி அமைதிக் காவல் நீதிபதிகள் வீடுகளின் மீது வரி விதிக்கலாம். அந்த வருவாய் குப்பை அள்ளவும், காவலர் சம்பளம் தரவும், பழைய சாலைகளைச் செப்பனிடவுமே போதவில்லை. வரியை உயர்த்துவதாயின் செலுத்துவோர் கணக்குக் கேட்பார்கள். உச்ச நீதிமன்றத்தின் எல்லைக்குள் வாழும் ஆங்கில வணிகர்கள் வழக்காடத் தயங்காதவர்கள். கம்பெனியின் பொது வருவாயிலிருந்து நகரத்துக்கு அள்ளிக்கொடுக்க, அரசு மாளிகைச் செலவால் கொதித்திருந்த இயக்குநர்கள் இசையப்போவதில்லை. இந்த இடுக்கில்தான் லாட்டரி கைகொடுத்தது. சீட்டு விற்ற தொகையில் ஒரு பங்கை நகரப் பணிக்கென்று பிடித்துக்கொண்டு மீதியைப் பரிசாகப் பகிர்ந்துவிட்டால் எவரும் முணுமுணுக்கமாட்டார். வரி கொடுப்பவனுக்கு உரிமை பிறக்கிறது. சீட்டு வாங்குபவனுக்கு ஆசை மட்டுமே பிறக்கிறது. அரசுக்கு எது வசதி என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இந்தப் பணத்தின் முதற்பெரும் விளைவு டவுன் ஹால். ஐரோப்பியர் கூடி விருந்துண்ணவும் நடனமாடவும் கூட்டம் நடத்தவும் ஒரு மண்டபம் வேண்டும் என்பது நெடுநாள் கோரிக்கை. பொறியாளர் ஜான் கார்ஸ்டின் அதனை டோரிக் பாணியில் வடித்தார். ஏறத்தாழ 7 லட்சம் ரூபாய்ச் செலவில் 1813இல் பணி முடிந்தது. கார்ஸ்டினின் பெயர் பாட்னாவில் வேறு ஒரு கட்டடத்தோடும் பிணைந்துள்ளது. 1770ஆம் ஆண்டின் கொடும்பஞ்சத்துக்குப் பிறகு தானியம் சேமிக்க 1786இல் எழுப்பப்பட்ட கோல்கர் என்னும் பெருங்களஞ்சியம் அவர் கட்டியதே. பஞ்சத்துக்குக் களஞ்சியம் கட்டியவர் பின்னாளில் நடன மண்டபம் கட்டினார். புதிய மண்டபம் நெடுநாள் நிம்மதியாக நிற்கவில்லை. சில ஆண்டுகளிலேயே கட்டுமானம் பழுதுற்றது; கார்ஸ்டின் தம் சொந்தச் செலவில் அதைச் சீர்ப்படுத்தித் தர நேர்ந்தது. வண்டல் மண்ணின் மீது கிரேக்கக் கோயிலின் எடையை ஏற்றுவது ஏட்டில் வரைவதைப்போல எளிதாக இருக்கவில்லை.

1817 கல்கத்தாவின் வரலாற்றில் பலவிதத்தில் ஒரு திருப்புமுனை. ஜனவரி 20ஆம் நாள் சித்பூர் சாலையில் ஒரு வாடகை வீட்டில் இந்துக் கல்லூரி இருபது மாணவர்களோடு தொடங்கியது. ஆகஸ்டில் ஜெசோர் பகுதியில் வாந்திபேதி கொள்ளைநோயாக வெடித்து அடுத்த மாதமே கல்கத்தாவை எட்டியது. அதே ஆண்டில் 'லாட்டரிக் குழு' என்ற பெயரோடே ஓர் அரசுக் குழு அமைக்கப்பட்டது. முந்தைய சீட்டுகளில் எஞ்சிய தொகை அதனிடம் ஒப்படைக்கப்பட்டது. உலகின் வேறெந்தத் தலைநகரிலும் நகரமைப்புக்குப் பொறுப்பான அமைப்பு இவ்வளவு வெளிப்படையாகத் தன் வருவாயின் மூலத்தைப் பெயரில் தாங்கி நின்றிருக்குமா என்பது ஐயமே.

குழு முதலில் நகரத்தை அளக்க முற்பட்டது. மேஜர் ஷால்ச் குழுவின் பயன்பாட்டுக்காக அளவெடுத்துத் தயாரித்த வரைபடம் 1825இல் வெளிவந்தது. அதற்குமுன் 1790களில் அப்ஜான் வரைந்த படமே பரவலாகப் பயன்பட்டது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்போருக்கு முப்பது ஆண்டுகளில் என்ன நடந்தது என்பது விளங்கும். 1742இல் மராத்தியப் படையெடுப்புக்கு அஞ்சித் தோண்டப்பட்ட அகழி 1799 முதல் தூர்க்கப்பட்டுச் சர்க்குலர் சாலையாக மாறியிருக்கிறது. 1810இல் வெட்டப்பட்ட பெலியாகாட்டா கால்வாய் கிழக்கே உப்பேரியை நோக்கிச் செல்கிறது. இவற்றுக்கு நடுவே தெற்கிலிருந்து வடக்காக ஒரு நேர்கோடு நகரத்தைக் கிழிக்கிறது. வெல்லஸ்லி தெரு, வெலிங்டன் தெரு, காலேஜ் தெரு, கார்ன்வாலிஸ் தெரு என்று அடுத்தடுத்துப் பெயர் மாறும் ஒரே நெடுஞ்சாலை அது.

இந்தக் கோட்டின் பொருளை உணரப் பழைய கல்கத்தாவின் போக்குவரத்தை நினைவில் கொள்ளவேண்டும். வடக்கே இந்தியர் வாழ்ந்த பகுதிக்கும் தெற்கே ஐரோப்பியர் வாழ்ந்த பகுதிக்கும் முதன்மை இணைப்பாக இருந்தது சித்பூர் சாலை. காளிகாட்டுக்கு யாத்திரை செல்வோர் நடந்து நடந்து தேய்த்த தொன்மையான வழி அது. வளைந்தும் குறுகியும் செல்லும். இருபுறமும் கடைகளும் மாடவீடுகளும் நெருங்கி நிற்கும். அதை அகலப்படுத்த வேண்டுமானால் செல்வாக்குள்ள குடும்பங்களின் வீடுகளை விலைகொடுத்து வாங்கவேண்டும். ஆகவே குழு சித்பூர் சாலைக்குக் கிழக்கே, குளங்களும் தோப்புகளும் குடிசைகளும் நிறைந்த நிலத்தின் ஊடே புதுச்சாலை வெட்டுவதைத் தேர்ந்தது. சாலைக்குத் தேவையானதைவிடக் கூடுதலாக நிலம் வாங்கி, சாலை முடிந்து மதிப்பு ஏறியபின் ஓரத்து மனைகளை விற்று அடுத்த பணிக்குப் பணம் சேர்ப்பதும் வழக்கமாயிற்று. பிற்காலத்தில் நகர மேம்பாட்டு அறக்கட்டளைகள் பின்பற்றிய உத்தியின் முன்னோடி இதுதான்.

குடிசைவாசிகளின் நிலை வேறு. கல்கத்தாவில் நிலம் ஒருவருக்கும் குடிசை இன்னொருவருக்கும் சொந்தமாக இருப்பது இயல்பு. வாடகைக்கு எடுத்த மண்ணில் மூங்கிலும் பாயும் கீற்றும் கொண்டு குடிசை போட்டவர் கொத்தனாரோ, பல்லக்குத் தூக்குபவரோ, துணி வெளுப்பவரோ ஆவார். குழு நிலத்தை வாங்கும்போது விலை நிலக்கிழாருக்குப் போகும். குடிசைக்காரர் தம் மூங்கிலைத் தோளில் சுமந்து வேறிடம் தேடுவார். அவர் போய்ச் சேர்ந்த இடம் பெரும்பாலும் சர்க்குலர் சாலையை ஒட்டிய தாழ்நிலம். அங்கே நீர் தேங்கும். கொசுவும் காய்ச்சலும் உண்டு. லாட்டரிச் சீட்டு அவர் கைக்கு எட்டாத விலைப் பொருள். பரிசு விழ வாய்ப்பே இல்லாத ஆட்டத்தில் பந்தயமாக வைக்கப்பட்டது அவருடைய குடிசை.

குழுவின் சாதனைகளையும் குறைத்துச் சொல்ல இயலாது. நெடுஞ்சாலையை ஒட்டிச் சதுக்கங்கள் அமைத்து, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு குளம் வெட்டினார்கள். வெல்லஸ்லி சதுக்கம், வெலிங்டன் சதுக்கம், காலேஜ் சதுக்கம், கார்ன்வாலிஸ் சதுக்கம் ஆகியவை இவ்வாறு பிறந்தன. வங்காளிகளுக்குக் காலேஜ் சதுக்கம் 'கோல்திகி'. கார்ன்வாலிஸ் சதுக்கம் 'ஹேதுவா'. வடிகட்டிய குழாய்நீர் கல்கத்தாவுக்கு வந்தது 1870 வாக்கில்தான். அதுவரை நகரம் குடித்தது குளத்து நீரை. கோடையில் ஹூக்ளியில் கடலின் உப்பு ஏறிவிடும். ஆகவே நல்ல குளம் என்பது உயிர்நாடி. சாந்த்பால் படித்துறையில் நீராவி இயந்திரம் பொருத்தி ஆற்றுநீரை இறைத்துத் திறந்த செங்கல் வாய்க்கால்கள் வழியாகக் கொண்டுசென்றனர். எனினும் அந்நீர் முதன்மையாகச் சாலையின் புழுதியை அடக்கவே தெளிக்கப்பட்டது. தெளிக்கப்பட்ட சாலைகள் எந்தப் பகுதியில் இருந்தன என்பதை ஊகிப்பது கடினமன்று.

குளம் வெட்டியவர்கள் எண்ணியது நீரையும் காற்றையும். விளைந்தது வேறு. திறந்தவெளியும் அகன்ற தெருவும் இருந்த இடங்களை நாடிக் கல்விச்சாலைகள் வரலாயின. காலேஜ் சதுக்கத்தின் வடபுறத்தில் சமஸ்கிருதக் கல்லூரிக்கும் இந்துக் கல்லூரிக்கும் சேர்த்து ஒரே கட்டடத்துக்கு 1824 பிப்ரவரி 25 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. நிலத்தின் ஒரு பகுதியைத் தந்தவர் கடிகார வணிகர் டேவிட் ஹேர். அதே 1824இல் வெல்லஸ்லி சதுக்கத்தில் கல்கத்தா மதரசாவுக்கு அடிக்கல் விழுந்தது; 1781 முதல் வேறிடத்தில் இயங்கிவந்த மதரசா 1827இல் அங்கே குடிபெயர்ந்தது. 1830இல் அலெக்சாண்டர் டஃப் தொடங்கிய கிறித்தவப் பள்ளி சில ஆண்டுகளில் கார்ன்வாலிஸ் சதுக்கத்தருகே சொந்தக் கட்டடம் பெற்றது. 1835இல் மருத்துவக் கல்லூரி காலேஜ் தெருவில் நிலைகொண்டது. 1849இல் தொடங்கிய பெத்யூன் பெண்கள் பள்ளியும் பின்னர் கார்ன்வாலிஸ் சதுக்கத்துக்கே வந்தது. வடக்கு–தெற்காகச் செல்லும் ஒரு சாலையில் இந்து, இஸ்லாமிய, கிறித்தவ, மேலைமருத்துவக் கல்விகள் ஒன்றின்பின் ஒன்றாக வரிசைகட்டி நின்றன.

இந்த வரிசை யாருக்காக என்னும் கேள்வி அன்றே எழுந்தது. சமஸ்கிருதக் கல்லூரிக்கு அரசு பணம் செலவிடுவதை எதிர்த்து, கணிதமும் இயற்கை அறிவியலும் கற்பிக்குமாறு கோரி ராம்மோகன் ராய் ஆம்ஹர்ஸ்ட் பிரபுவுக்கு 1823 டிசம்பரில் கடிதம் எழுதினார். கட்டடம் எழுவதை அக்கடிதம் தடுக்கவில்லை. தொடக்கத்தில் அக்கல்லூரியில் பிராமணரும் வைத்தியரும் மட்டுமே சேரலாம். 1851இல் ஈஸ்வரசந்திர வித்யாசாகர் முதல்வரான பின்பே காயஸ்தருக்கும், படிப்படியாக ஏனைய இந்துச் சாதியினருக்கும் வாயில் திறந்தது. ஒரே கூரையின் கீழ் இருந்த இந்துக் கல்லூரியிலோ ஹென்றி டெரோசியோ 1826 முதல் 1831 வரை மாணவர்களைக் கேள்வி கேட்கப் பழக்கி, ஊர்ப் பெரியவர்களின் சினத்துக்கு ஆளாகிப் பதவி இழந்தார். இந்துக் கல்லூரியின் மூலதனம் இந்தியச் செல்வர்களின் நன்கொடை. அந்த நிதி ஒரு வணிக நிறுவனத்தில் முதலீடு செய்யப்பட்டிருந்து, நிறுவனம் நொடித்தபோது பெரும்பகுதி கரைந்தது. அதன் பிறகுதான் அரசின் உதவியும், உதவியோடு கூடிய மேற்பார்வையும் வந்தன. லாட்டரி மட்டுமன்று, அக்காலக் கல்கத்தாவின் மூலதனம் முழுவதுமே ஒருவகைக் குலுக்கலில்தான் இருந்தது. 1830 ஜனவரியில் பாமர் நிறுவனம் வீழ்ந்ததும், அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளில் பெரிய ஏஜென்சி நிறுவனங்கள் ஒவ்வொன்றாகச் சரிந்ததும் இதனை மெய்ப்பித்தன.

ஆற்றங்கரையில் நிகழ்ந்த மாற்றம் இன்னும் கண்கூடானது. சேறும் படகும் கிடங்குமாக இருந்த கரையை நிரவி, ஆறு விட்டுச்சென்ற நிலத்தையும் சேர்த்து, 1828 வாக்கில் ஸ்ட்ராண்ட் சாலை உருப்பெற்றது. 1824இல் அடிக்கல் நாட்டப்பட்ட புதிய நாணயச்சாலை 1829 ஆகஸ்டில் அச்சாலையில் இயங்கத் தொடங்கியது. மேஜர் ஃபோர்ப்ஸ் அதன் முகப்பை ஏதென்ஸின் மினர்வா கோயிலைப் பாதி அளவில் படியெடுத்து அமைத்தார். உள்ளே நீராவி இயந்திரம் ரூபாய் அடித்தது. வெளியே தேவியின் கோயில். 1830இல் ராணி ராஷ்மணியின் கணவர் ராஜ்சந்திர தாஸின் பெயரால் எழுந்த பாபு காட் படித்துறையின் மண்டபமும் டோரிக் தூண்களையே தாங்கி நிற்கிறது. கங்கை நீராடி ஈர வேட்டியோடு கரையேறும் பக்தரை வரவேற்பது கிரேக்கத் தூண்! இதை வெறும் போலச்செய்தல் என்று ஒதுக்குவது பொருந்தாது. ஷோபாபஜார், பாத்துரியாகாட்டா போன்ற பகுதிகளின் பெருவீடுகளில் தெருமுகப்பு ஐரோப்பியத் தூண்களோடு நிற்க, உள்முற்றத்தில் துர்க்கா பூஜைக்கான 'தாக்குர் தாலான்' அமைந்தது. வெளியாருக்குப் புரியும் மொழி வெளியே. வீட்டாருக்கான மொழி உள்ளே. 1835இல் ராஜேந்திர மல்லிக் கட்டத் தொடங்கிய சலவைக்கல் மாளிகையில் இவ்விரு மொழிகளும் ஒரே வாக்கியத்தில் கலந்துவிட்டன.

ஆங்கிலேயர் தமக்குள்ளும் கட்டடங்களால் சண்டையிட்டுக்கொண்டனர். பழைய நீதிமன்றக் கட்டடம் இருந்த இடத்தில் 1818இல் திறக்கப்பட்ட ஸ்காட்லாந்து திருச்சபையின் புனித அந்திரேயா ஆலயத்துக்குக் கோபுரம் கூடாது என்று ஆங்கிலத் திருச்சபையின் பேராயர் மிடில்டன் முரண்பட்டார் என்றும், ஸ்காட்லாந்துப் போதகர் ஜேம்ஸ் பிரைஸ் பிடிவாதமாகக் கோபுரத்தை உயர்த்தி அதன் உச்சியில் சேவல் உருவத்தையும் ஏற்றினார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. நேபாளப் போரில் வென்ற ஆக்டர்லோனியின் நினைவாக 1828இல் மைதானத்தில் எழுந்த தூண் எகிப்திய அடித்தளம், சிரியத் தண்டு, துருக்கிய முடி ஆகிய மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுமக்கிறது. அழகைப் பற்றி எதுவும் சொல்லாமல் நகர்வதே நாகரிகம். 1969இல் அதற்கு ஷஹீத் மினார் என்று பெயர் மாற்றப்பட்டது.

வெல்லஸ்லியின் குறிப்பாணை முதன்மைப்படுத்திய வடிகால் என்னவாயிற்று? கல்கத்தாவின் நிலம் ஆற்றை ஒட்டி மேடாகவும் கிழக்கே உப்பேரியை நோக்கிச் சரிவாகவும் அமைந்தது. வடிகால்களோ பெரும்பாலும் மேட்டை நோக்கி, ஆற்றுக்குச் செல்லும்படி வெட்டப்பட்டிருந்தன. இதைத் திருத்தாமல் எத்தனை தெரு வெட்டினாலும் மழைக்காலத்தில் நகரம் தன் கழிவிலேயே நிற்கும். 1803இல் சொல்லப்பட்ட இந்த உண்மையை 1837இல் மருத்துவர் ஜேம்ஸ் ரானால்ட் மார்ட்டின் கல்கத்தாவின் மருத்துவ நிலவியல் பற்றிய தம் நூலில் மீண்டும் எழுத நேர்ந்தது. இடைப்பட்ட முப்பத்துநான்கு ஆண்டுகளில் தெருவும் சதுக்கமும் வந்தன. மண்ணுக்குக் கீழே செல்லும் வடிகால் வரவில்லை. லாட்டரிப் பணத்தின் இயல்பே இதற்கு ஒரு காரணம் என்று கருத இடமிருக்கிறது. இந்த ஆண்டு எவ்வளவு சேரும் என்பது அடுத்த சீட்டு விற்பனையைப் பொறுத்தது. தெருவைத் துண்டு துண்டாகப் போடலாம். கிடைத்த பணத்துக்கு ஏற்பக் குளம் வெட்டலாம். ஒரு நகரம் முழுவதற்கும் ஒரே சரிவில் அமையவேண்டிய வடிகாலைத் தவணையில் தோண்ட முடியாது. அதற்கு ஆண்டுதோறும் உறுதியாக வரும் வருவாய் தேவை. வில்லியம் கிளார்க் 1855இல் அளித்த திட்டத்தின்படி பாதாள வடிகால் பணி தொடங்கியது 1859இல்தான். அதற்குள் எத்தனை கோடைகளில் வாந்திபேதி வடகல்கத்தாவைச் சுற்றிவந்தது என்பதைக் கட்டட வரலாற்று நூல்கள் பொதுவாகக் கணக்கில் சேர்ப்பதில்லை.

லாட்டரி முறை 1836இல் முடிவுக்கு வந்தது. இங்கிலாந்தில் அரசு லாட்டரி 1826இலேயே ஒழிக்கப்பட்டிருந்தது. தம் நாட்டில் விலக்கிய சூதாட்டத்தைத் தம் ஆட்சிப்பகுதியில் அரசே நடத்துவது அங்குள்ள பொதுக்கருத்துக்கு உவப்பாக இல்லை. அடுத்த ஆண்டே, தீ விபத்துகளைக் காரணம் காட்டிக் கல்கத்தாவில் எளிதில் தீப்பற்றும் கீற்றுக்கூரைகளைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. ஓட்டுக்கூரைக்குப் பணமில்லாதவர்கள் மறுபடியும் மூங்கிலைத் தோளில் ஏற்றவேண்டியதாயிற்று. நகரப் பணிக்கு இனி வரியே வழி என்றானபோது, வரி கொடுப்போரின் குரலுக்கும் இடம் தரவேண்டி வந்தது. 1847ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஏழு ஆணையர்களுள் நால்வரை வரி செலுத்துவோர் தேர்ந்தெடுத்தனர். இந்தியாவின் நகராட்சி வரலாற்றில் தேர்தலின் தொடக்கங்களுள் ஒன்றாகிய இது, லாட்டரி நின்றதோடு தொடர்புடையது என்பது போதிய அளவு கவனிக்கப்படவில்லை.

1836இலேயே இன்னொன்றும் நிகழ்ந்தது. கல்கத்தாப் பொது நூலகம் நன்கொடையாளர்களின் பணத்தில் ஒரு தனியார் வீட்டில் தொடங்கியது. அச்சகங்களின் மீதிருந்த கட்டுப்பாட்டை 1835இல் நீக்கிய சார்லஸ் மெட்காஃபின் நினைவாகப் பொதுமக்கள் திரட்டிய நிதியில் ஸ்ட்ராண்ட் சாலையோரம் மெட்காஃப் மண்டபம் எழுந்தபோது, 1844இல் நூலகம் அதற்குள் குடியேறியது. முப்பது கொரிந்தியத் தூண்கள் சூழ்ந்த அந்தக் கட்டடத்தின் படிகளில் ஏறியவர்களுள் இந்தியரும் இருந்தனர்.

ஐரோப்பியரின் விருந்துக்காகக் கட்டப்பட்ட டவுன் ஹாலும் அதற்குள் வேறு பயன்பாட்டைக் கண்டிருந்தது. 1829 டிசம்பர் 15 அன்று ராம்மோகன் ராயும் துவாரகநாத் தாகூரும் அங்கே மேடையேறி ஐரோப்பியர் இந்தியாவில் குடியேறுவதை ஆதரித்துப் பேசினர். இன்றைய வாசகருக்கு அந்நிலைப்பாடு நெருடலாகத் தோன்றலாம். ஆயினும் ஒரு பொதுக்கொள்கை குறித்து இந்தியர் ஆங்கிலேயரோடு ஒரே மண்டபத்தில் நின்று வாதிடுவது அன்று புதிது. 1830களில் அச்சுச் சுதந்திரம் பற்றிய கூட்டங்களும் அங்கேயே நடந்தன. வங்காளப் பிரிவினையை எதிர்த்து அந்நியப் பொருள் புறக்கணிப்புத் தீர்மானம் நிறைவேறியதும் அம்மண்டபத்தில்தான். 1905 ஆகஸ்ட் 7 அன்று பிற்பகலில் மாணவர்கள் ஆயிரக்கணக்கில் காலேஜ் சதுக்கத்தில், கோல்திகிக் குளக்கரையில், கூடினார்கள். அங்கிருந்து அணிவகுத்து நடந்து டவுன் ஹாலை அடைந்தபோது உள்ளே இடம் போதவில்லை. கூட்டம் வெளியே மைதானம் வரை பரவிநின்றது.